பச்சைக் கேடயம் காணவில்லை

ஐப்பசி, புதன்கிழமை. குடவாசல்.

சாயங்காலம்தான் கவனித்தேன். எங்கள் இ-சேவைக் கடை கம்ப்யூட்டர் திரையின் மூலையில், மணி காட்டும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆன்டிவைரஸின் பச்சைக் கேடயத்தைக் காணவில்லை. சின்ன அம்புக்குறியைத் தட்டினேன்; அங்கேயும் இல்லை. இரண்டு முறை அணைத்துப் போட்டேன், வரவில்லை.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நிறுத்தியது நான்தான். திங்கட்கிழமை, விவசாயி அடையாள எண்ணுக்குப் பதிய வந்த செல்வராசு அண்ணனின் கட்டைவிரலை ரேகை மெஷின் எடுக்கவே இல்லை. ஆன்டிவைரஸ்தான் தடுக்கிறது என்று நினைத்து அதை நிறுத்திவிட்டேன். நாற்றுப் பறித்துப் பறித்து ரேகை தேய்ந்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. வேறு விரலில் எடுத்தேன். நிறுத்தியதைத் திரும்பப் போட மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு யார் யாருடைய பென்டிரைவையெல்லாமோ செருகியிருக்கிறேன். இப்போது ஆன்டிவைரஸைப் போட்டால் திறக்கவே மாட்டேன் என்கிறது; எதிலிருந்தாவது வைரஸ் புகுந்துவிட்டதோ என்னவோ.

அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே செல்வராசு அண்ணன் வந்து நின்றார்.

"ஏம்மா, நம்ம ஆதாரு, பாஸ்புக்கெல்லாம் உங்க கம்ப்யூட்டர்லயே இருக்குல்ல?"

"இருக்குண்ணே."

"அங்கயே பத்திரமா இருக்கட்டும்மா. வீட்ல வச்சா எலி கடிச்சிடுது."

கம்ப்யூட்டருக்கே இப்போது காவல் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாளைக்கு அவர் மனைவியும் பதிய வருகிறார்களாம்.

"கையை நல்லா சுத்தமா கழுவிட்டு வரச் சொல்லுங்கண்ணே" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.