மதியத்தில் சாத்தாத ஜன்னல்கள்

பிசிக்கோ, ஏதென்ஸ்
4 ஜூன் 1986

அன்பு க்ளியோ,

மெல்போர்ன் குளிரில் நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே வெயில் ஆளைக் கொல்கிறது.

ஒரு விஷயம் என் வாயால்தான் உனக்குத் தெரிய வேண்டும். தூதர் குடியிருக்க என்று நீ வாடகைக்கு விட்ட உன் அம்மா வீட்டைத் தூதரகம் விசா அலுவலகமாக்கிவிட்டது. குடியிருப்புத் தெருவில் அதற்கு அனுமதி இல்லை. அலுவலகத்தை எடுக்கச் சொல்லி, நகரமைப்பு அதிகாரியான நான்தான் எழுதப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் ஃபோத்தினி


மெல்போர்ன்
22 ஜூன்

ஃபோத்தினி,

கோபம்தான். அவர்கள் காலி செய்தால் வீட்டை விற்றாக வேண்டும். வாங்குகிறவன் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவான். நீ கொஞ்சம் கண்டும் காணாமலும் இருந்தால் என்ன? தூதரகத்துக்குள் கால் வைக்கவே உனக்கு உரிமை இல்லை. உள்ளே நடப்பது எப்படித் தெரியும்?

"பரீட்சையில தன் பேப்பரக் காட்டாதவ, இப்ப மட்டும் விடுவாளா?" என்று அண்ணன் சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

க்ளியோ


பிசிக்கோ
10 ஜூலை

அன்பு க்ளியோ,

நான் உள்ளே போகவில்லை. மதியம் தெருவில் நடந்தேன், அவ்வளவுதான். எல்லாரும் சாப்பிட்டுத் தூங்குகிற நேரம். ஜன்னல் கதவுகள் சாத்திக் கிடந்தன. உன் வீட்டில் மட்டும் எல்லாம் திறந்திருந்தன. அம்மாவின் படுக்கையறையில் தட்டச்சுச் சத்தம். நாரத்தை மரத்தடியில் விசாவுக்கு வரிசை.

தூதரே வாசலுக்கு வந்தார். "உள்ள வாங்கம்மா, காப்பி குடிச்சிட்டுப் போகலாம்."

காப்பியை மறுத்தால் மரியாதை இல்லை. உள்ளே போனால் விருந்தாளியாகிவிடுவேன். நடைபாதையில் நின்றபடியே வாங்கிக் குடித்தேன்.

"காப்பி பிரமாதம் ஐயா. ஆனா இந்த வீட்ல மதியம் தூங்க ஒருத்தரும் இல்லையே?" என்றேன். அவர் திரும்பி வரிசையைப் பார்த்தார்.

உத்தரவு வெளியுறவு அமைச்சகம் வழியாகப் போய்விட்டது. அந்த வீடு போனால் நானும் அழுவேன். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன்.

ஃபோத்தினி


மெல்போர்ன்
8 ஆகஸ்ட்

என் ஃபோத்தினி,

தூதர் எழுதியிருக்கிறார். விசா அலுவலகம் கடைத்தெருவுக்குப் போகிறதாம். அவரே மனைவி, குழந்தையோடு அம்மா வீட்டில் குடியேறுகிறாராம். வாடகை ஒப்பந்தம் தொடரும். தெருவில் நின்று காப்பி குடித்த அதிகாரிக்குத் தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னார்.

நானாக இருந்தால் உள்ளே போய் உட்கார்ந்திருப்பேன். நீ அவருக்கும் வளையவில்லை, எனக்கும் வளையவில்லை. உன்னை நினைத்தால் அவ்வளவு பெருமையாக இருக்கிறது. என்னை மன்னித்துவிடு.

ஒரு மதியம் அந்தப் பக்கம் போய்ப் பார்த்து எழுதுவாயா?

உன் க்ளியோ


பிசிக்கோ
25 ஆகஸ்ட்

அன்பு க்ளியோ,

இன்று போனேன். அம்மா அறை ஜன்னல் சாத்தியிருந்தது. உள்ளே குழந்தை சிணுங்கிவிட்டு அடங்கியது.

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உன் வீட்டைக் கடந்தேன்.

ஃபோத்தினி