மூடிய கதவுக்குள் நீ கேட்டது

தம்பிக்கு,

இன்று காலை ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. மருந்தால் இறங்கியிருந்த வெள்ளை அணுக்கள் ஏறிவிட்டன, அடுத்த சுற்று மருந்தை ஏற்றலாம் என்று டாக்டரம்மாவே போனில் சொன்னார். நல்ல செய்திதான். ஆனால் என் மகள் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள். காரணம், நீ எடுத்த படம்.

போனில் உன்னைப் பிடிக்க முடியவில்லை. உன் உதவியாளர்தான் எடுக்கிறார். அக்கா பேசுகிறேன் என்றேன். "எந்த அக்காங்க? ஹீரோயினுக்கு அக்காவா நடிச்சவங்களா?" என்றார். அதனால்தான் கடிதம்.

வெளியாகும் முன்பே படத்தை அவளுக்கு அனுப்பிவைத்தாய். "மாமா உனக்காக எடுத்தது, செல்லம்" என்று ஒரு வரி வேறு. அவளும் ஒட்டடைக்குச்சியும் சேர்ந்து பார்த்தார்கள். அவளைக் காதலிக்கும் அந்தப் பையனுக்கு அந்தப் பெயரை வைத்ததே நீதான். நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். முதல் பாதி முழுக்கச் சிரிப்புச் சத்தம். பிறகு சத்தமே இல்லை.

அவளுடைய பேச்சு, தொப்பி, அவர்கள் மொட்டை மாடியில் போடும் சண்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாய். போகட்டும். படத்தின் கடைசியில் உன் கதாநாயகி கையிலிருந்த ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் காதலனோடு கடற்கரைக்கு ஓடுகிறாள். உதட்டுச் சாயம்கூடக் கலையாமல் அவன் மடியில் சாகிறாள். பின்னணியில் பாட்டு. வெட்கமாக இல்லையா உனக்கு?

என் மகள் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மாமா டாக்டர் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு ஒரு மணி நேரம் பேசினாரே, ஞாபகம் இருக்காம்மா? நான் பொழைக்க மாட்டேங்கிற உண்மைய அவருகிட்ட சொல்லியிருக்காங்க. உங்ககிட்ட சொல்லல. என்கிட்ட நேரா சொல்ல வாய் வராம படமா எடுத்துட்டாரு. இனிமே எதுக்கு ஊசி?"

செய்தித்தாள் வேலையில் தலை நரைத்தவள் நான். கேட்டு உறுதி செய்யாமல் எதையும் எழுதியதில்லை. டாக்டரம்மாவை நேரில் பார்த்துக் கேட்டேன். அன்று நீ கேட்டது இவ்வளவுதானாம்: வராந்தாவில் படம்பிடிக்க அனுமதி கிடைக்குமா, ஜன்னலில் வெயில் எந்த நேரம் விழும், மருந்துப் பையை நீல நிறத்தில் காட்டலாமா. என் மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை! கேட்டிருந்தால், நடுவில் நிறுத்தாமல் மருந்து ஏற்றிக்கொண்டால் இந்த வகை ரத்தப் புற்றுநோயில் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள் என்று சொல்லியிருப்பாராம்.

இதை நான் சொன்னால் அவள் நம்புவதில்லை. டாக்டரம்மா சொன்னாலும், "நீங்க எல்லாரும் கூட்டு" என்கிறாள். பையன் தினமும் வந்து கதவைத் தட்டுகிறான். நேற்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் வெடித்தான். "படத்துல அந்த ஹீரோ ஒரு தடவையாவது வாந்தி வாளியத் தூக்கினானா ஆன்ட்டி? நான் தூக்கியிருக்கேன். கடலுக்கு இழுத்துக்கிட்டு ஓடுறதுதான் லவ்வா?" சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளைபோல் அழுதான். உன் கதாநாயகன் அழகாக அழுதான். இவனுக்கு மூக்கு ஒழுகியது.

படத்தை மாற்று என்று நான் கேட்கவில்லை. நீ நேரில் வரவேண்டும். அந்தக் கதவுக்குள் நீ வெயிலையும் நிறத்தையும் பற்றித்தான் பேசினாய், அவளைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். அவமானமாகத்தான் இருக்கும். இருக்கட்டும். உன் வாயால் சொன்னால்தான் நம்புவாள். அவள் இன்னும் உன்னைப் பெரிய ஆளாகத்தான் நினைக்கிறாள்.

வியாழக்கிழமை காலை வரை படுக்கையை ஒதுக்கி வைத்திருப்பதாகவும், அதற்குமேல் தள்ளிப்போடுவது ஆபத்து என்றும் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். என் மகள் வருவாளா என்பது இதை எழுதும்வரை தெரியவில்லை. நீ புதன்கிழமை இங்கே இருக்கவேண்டும்.

உன் படம் நன்றாக ஓடட்டும். அதை வருஷக்கணக்கில் கிண்டலடிக்க அவள் இருக்கட்டும்.

அக்கா