நகல் துப்பாக்கியும் நான் அழித்த கோடும்

இன்று முட்டையை அடுப்பிலேயே மறந்துவிட்டேன். தண்ணீர் வற்றி, ஓடு வெடித்து, குசினி முழுவதும் கந்தக நாற்றம். யன்னலைத் திறக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. முன்பு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் இந்த வீடு இப்படித்தான் நாறும். துப்பாக்கி சுடும் கிளப்பிலிருந்து வந்ததும் உங்கள் சுழல் துப்பாக்கியைப் பிரித்து, கொதிநீரும் சவர்க்காரமும் விட்டுத் தொட்டியில் கழுவுவீர்கள். கரிய வெடிமருந்தின் கசடு கரையும்போது அழுகிய முட்டை மணம் வரும். நான் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். மணம் தாங்காமல்தான் போகிறேன் என்று நீங்கள் நினைத்திருந்தீர்கள்.

கைத்துப்பாக்கிகளை இந்த நாட்டில் தடைசெய்த பிறகும், மருந்தையும் ஈயக் குண்டையும் முன்பக்கமாகத் திணித்துச் சுடும் பழைய வகைக்கு மட்டும் அனுமதி இருந்தது. அதை நீங்கள் எப்படியோ அறிந்துகொண்டீர்கள். ஈப்போவில் பிறந்து, லண்டனுக்குப் படிக்க வந்து, நில அளவையாளராக வேலை பார்த்த மனிதருக்கு நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய அமெரிக்கக் கடற்படைத் துப்பாக்கியில் என்ன பிடிப்பு என்று எனக்கு விளங்கவே இல்லை. உங்களுடையது அதன் நகல். இத்தாலியில் செய்தது.

லைசென்ஸ் கொடுக்கும் முன் வீட்டைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். படுக்கையறைச் சுவரில் பொருத்திய இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்தார். பிறகு தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, “வீட்டில் இது இருப்பதில் உங்களுக்கு ஆட்சேபணை ஏதும் உண்டா?” என்று கேட்டார். நீங்களும் என்னைப் பார்த்தீர்கள். “ஒன்றுமில்லை” என்று சிரித்தபடி சொன்னேன்.

என் தம்பி இறந்த விதம் உங்களுக்குத் தெரியும். ஊரில் சைக்கிளில் போனவனைச் சந்தியில் வைத்துச் சுட்டார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. நம் கலியாணமான முதல் வருடமே இதை உங்களிடம் சொன்னேன். ஆனாலும், “அது வேற, இது வேற மா. இது சரித்திரம்” என்றீர்கள். வருடங்கள் போதுமான அளவு கடந்துவிட்டால் துப்பாக்கி நல்லதாகிவிடும் என்பது போல.

லைசென்ஸ் கிடைத்த அடுத்த வருடம், பழைய துப்பாக்கிகளுக்கான போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்தீர்கள். கிளப்பில் யாரோ விதிப்புத்தகம் தந்திருந்தார்கள். எழுத்து சின்னதாக இருக்கிறதென்று என்னிடம் நீட்டினீர்கள்.

“நீ கவுன்சில்ல நாள் முழுக்க ரூல்ஸ் படிக்கிறவதானே. நம்ம துப்பாக்கிய ஒத்துக்குவாங்களான்னு பாத்து சொல்லேன்.”

நான் வேலை பார்க்கும் கவுன்சில் பார்க்கிங் அலுவலகத்தில், மதிய இடைவேளையில் படித்தேன். நகல்களுக்குத் தனிப் பிரிவு இருந்தது. ஆனால் நகல் எல்லா விதத்திலும் அசலை ஒத்திருக்க வேண்டும். அசலில் இல்லாத குழல் அளவுள்ளவை சேர்க்கப்படமாட்டா. எனக்குப் பழக்கதோஷம், அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டேன். அசல் முப்பத்தாறு, உங்களுடையது நாற்பத்துநாலு. பெரிய குண்டு போகும் குழலைத்தான் ஆட்கள் விரும்பி வாங்குகிறார்கள் என்று கடைக்காரன் சொன்னதை நீங்களே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

கோட்டை அழித்தேன். பின்னேரம் புத்தகத்தைத் திருப்பித் தந்தேன்.

“ஓம், ஒரு பிரச்சினையும் இல்லை. நகலுக்கெண்டு தனிப் பிரிவே இருக்கு.”

பாதி உண்மை. மீதியை நீங்கள் அங்கே போய், எல்லோர் முன்னாலும் அறிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். வெட்கப்பட்டால் விட்டுவிடுவீர்கள். அதுதான் என் கணக்கு.

போட்டிக்கு என்னையும் கூப்பிட்டீர்கள். வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வந்தேன். காரில் முக்கால் மணி நேர ஓட்டம். வழியில் இரண்டு தரம், “எல்லாம் சரியா இருக்கும்ல?” என்று கேட்டீர்கள். “ஓம்” என்று யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

பரிசோதனை மேசையில் இருந்த கிழவர் மரியாதையானவர். குழலுக்குள் அளவுகோலை விட்டுப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அழகான துப்பாக்கி. ஆனால் இந்த அளவில் அசல் செய்யப்படவே இல்லை, ஐயா. இதை அனுமதிக்க முடியாது.” வரிசையில் பின்னால் நின்ற ஒருவன், “அது எந்த நாட்டுக் கடற்படையோ” என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். கிழவருக்கு நன்றி சொல்லி, துப்பாக்கியைத் துணியில் சுற்றினீர்கள். சுற்ற நெடுநேரம் எடுத்தது.

திரும்பும்போது, “நான்தான் தப்பா வாங்கிட்டேன். உன் ஞாயிற்றுக்கிழமையும் வீணாப் போச்சு” என்றீர்கள்.

அந்த மாதமே அதை விற்றீர்கள். சரியான அளவில் ஒன்று வாங்கலாமே என்று நானே கேட்டேன், நல்லவள் மாதிரி. “வேணாம்” என்றீர்கள். இரும்புப் பெட்டியைக் கழற்றிச் சுவரைப் பூசினீர்கள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தீர்கள். நான் வென்றுவிட்டேன். வீட்டில் துப்பாக்கி இல்லை. என்னிடம் பேச வேண்டியதும் உங்களுக்கு அதிகம் இருக்கவில்லை.

நாலு வருடம் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில், மருந்து மயக்கம் கொஞ்சம் தெளிந்திருந்த ஒரு மாலையில், வேறு எதையோ கதைத்துக்கொண்டிருந்தபோது சொன்னீர்கள்.

“அந்த ரூல்ஸ் புத்தகத்துல கோடு போட்டிருந்தேல்ல. அழிச்சாலும் தடம் தெரியுது மா.”

“எப்ப பார்த்தனீங்கள்?”

“போட்டிக்கு முந்தின வாரம்.”

“தெரிஞ்சும் ஏன் போனீங்கள்?”

“நீ சொல்லுவேன்னு நெனச்சேன். கார்ல போய்ச் சேர்ற வரைக்கும் நெனச்சேன்.”

தாதி உள்ளே வந்தார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அந்தப் பேச்சை மறுபடி எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. உங்களுக்கு நாளும் இருக்கவில்லை.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. கோபம்தான் அதிகம். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொள்ளத் தெரிந்தே போனீர்கள், என்னைச் சோதிக்க. “உனக்கு இது பயமா இருக்கா?” என்று ஒரு தரம் நேராகக் கேட்டிருக்கலாம். அதிகாரி கேட்டது அந்நியனின் கேள்வி. நீங்கள் கேட்டிருந்தால் அழுதிருப்பேன், சொல்லியிருப்பேன். நான் சொல்லவில்லை, நீங்கள் கேட்கவில்லை. இரண்டு பேருமே மற்றவர் வாய் திறக்கட்டும் என்று இருந்தோம்.

இப்போது வேலை முடிந்து, கூட வேலைசெய்யும் பெண் ஒருத்தியின் காரில் வருகிறேன். ஏறியதும் பேசத் தொடங்கிவிடுவேன். மழை, மரக்கறி விலை, புது மனேஜர், என்னவாவது. “அக்கா, மூச்சு விட்டுக் கதையுங்கோவன்” என்று சிரிக்கிறாள். ஓடும் காரில் இரண்டு பேர் பேசாமல் இருப்பதை என்னால் தாங்க ஏலாது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?