காதுக்கு எட்டாத கசிவு

மார்ச் 4, செவ்வாய்

நர்சம்மாவின் கார் மறுபடியும் பட்டறைக்கு வந்தது. இது மூன்றாவது முறை. வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குக் கட்டுப் போடுகிறவர். கார் இல்லாவிட்டால் அவருக்குக் கை ஒடிந்த மாதிரி. புகார் அதேதான். ஏசி போட்டால் டேஷ்போர்டுக்குப் பின்னால் உஸ்ஸென்று சத்தம். பாலம் ஏறினால் முகத்துக்கு வரும் காற்று தானாகவே முன்கண்ணாடிப் பக்கம் போய்விடுகிறது.

எழுதிப் பார்த்தால் எனக்குப் புத்தி தெளியும். இந்த மாடலில் காற்றைத் திருப்பும் சின்னக் கதவுகளை இழுப்பது மோட்டார் இல்லை, எஞ்சினின் உறிஞ்சல். மெல்லிய ரப்பர் டியூப்கள் வழியாக அந்த இழுப்பு ஒவ்வொரு கதவையும் அசைக்கும் ரப்பர் சவ்வுக்கு, அதாவது டயாபிரத்துக்கு, போகிறது. எங்காவது கசிந்தால் பாலம் ஏறும்போது இழுப்பு போதாது. கதவு கண்ணாடிப் பக்கம் சாய்ந்துவிடும். அப்படியானால் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து ஐந்து நிமிடம் கிடந்தேன்.

"சத்தமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லி, போன மாதம் மாற்றிய டயாபிரத்தையே இன்னொரு முறை மாற்றிக் கொடுத்தேன்.

மார்ச் 5, புதன்

வீட்டில் மனைவியோடு வாக்குவாதம். வாய்க்குள்ளேயே முணுமுணுத்தால் யாருக்குத்தான் புரியும்?

மார்ச் 7, வெள்ளி

நர்சம்மா திரும்பி வந்தார். எஞ்சினை ஓடவிட்டு, என்னைப் பக்கத்து இருக்கையில் உட்காரச் சொன்னார்.

"இப்ப கேக்குதா?"

"இல்லம்மா."

அடுத்த வண்டியில் ஒயர் பார்த்துக்கொண்டிருந்த மச்சானைக் கூப்பிட்டார். என் மனைவியின் தம்பி. பட்டறையில் சரிபாதி அவனுடையது. அவன் வண்டிக்குள் ஏறக்கூட இல்லை, ஜன்னலில் தலையை நீட்டினான்.

"உஸ்ஸுங்குதே மாமா. பலமாவே இருக்கே."

இரண்டு பேரும் சேர்ந்து விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

நர்சம்மா சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். "கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லுங்க அண்ணா. சத்தமே இல்லைன்னு சொல்லாதீங்க. ஒரு வருஷமா எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நெனச்சிட்டிருக்கேன்." திங்கட்கிழமை வரை வண்டி இங்கேயே நிற்கட்டும், அதுவரை பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றார். முடியாவிட்டால் வேறு இடம் பார்ப்பாராம்.

எனக்கா? எனக்கா கேக்கல? வண்டி தெருமுனையில திரும்பும்போதே எந்தச் சக்கரத்துல பேரிங் போச்சுன்னு சொல்றவன் நான். மத்த பட்டறைக்காரனெல்லாம் சந்தேகம்னா என்னைத்தானே கூப்பிடுறான் — அண்ணே, ஒரு தடவை காது கொடுத்துட்டுப் போங்கன்னு. இதுக்கு மேல என்ன எழுத.

மார்ச் 8, சனி

மச்சான் வருவதற்கு முன்பே பட்டறையைத் திறந்தேன். ஒரு டயரின் வால்வை ஆணியால் அழுத்தினேன். வலது காதை அருகில் கொண்டுபோனேன். ஒன்றுமில்லை. இடது காது — அடுத்த வீட்டில் யாரோ பெருமூச்சு விடுவது போல. விரலை வைத்தேன். காற்று சில்லென்று அடிக்கிறது. மறுபடி வலது காது. ஒன்றுமே இல்லை.

ஐந்து முறை செய்து பார்த்தேன். டயர்தான் இளைத்தது.

தடதட, கடகட எல்லாம் கேட்கிறது. உஸ் மட்டும் என்னை விட்டுப் போயிருக்கிறது. எப்போது போனது? போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

சரி. அழுதுகொண்டு உட்கார நேரமில்லை. காது ஒத்துழைக்காவிட்டால் கண்ணை வைத்துப் பார்ப்பேன். பிரேக் வேலைக்கு வாங்கிய, காற்றை உறிஞ்சும் கைப்பம்பு அலமாரியில் இருக்கிறது, அதில் அளவு காட்டும் கேஜும் இருக்கிறது. டியூபில் மாட்டி இழுத்துப் பிடித்தால் முள் அப்படியே நிற்க வேண்டும். இறங்கினால் அங்கேதான் கசிவு. முள் பொய் சொல்லாது. இத்தனை நாள் பொய் சொன்னது நான்தான்.

மார்ச் 9, ஞாயிறு

பட்டறை விடுமுறை. நானும் அந்தக் காரும் மட்டும்.

எஞ்சினிலிருந்து வரும் கறுப்பு டியூபில் தொடங்கினேன். முள் நின்றது. இழுப்பைச் சேமித்து வைக்கும் டப்பா — நின்றது. பிறகு ஏசி குமிழ்கள் இருக்கும் பலகையைக் கழற்றி, அதன் பின்னால் இருக்கும் டியூப்களை ஒவ்வொன்றாக. நீலம் நின்றது. மஞ்சள் நின்றது. சிவப்பும் நின்றது. பச்சையில் பம்பை அழுத்தினேன். முள் சரியாக ஏறவில்லை, ஏறின கொஞ்சமும் உடனே விழுந்தது.

அவசரப்படக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன இரண்டு முறையும் அவசரப்பட்டுத்தான் டயாபிரத்தை மாற்றினேன். பச்சை டியூபை டயாபிரத்திலிருந்து பிடுங்கி, முனையை அடைத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். அப்போதும் விழுந்தது. ஆக, டயாபிரம் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஓட்டை டியூபில்தான்.

டேஷ்போர்டில் சாமான் வைக்கும் பெட்டியைக் கழற்றி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தேன். காற்று ஊதும் மோட்டாருக்கு மேலே பச்சை டியூப் போகிறது. மோட்டார் மூடியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களில் ஒன்று மட்டும் நீளம். அதன் முனை மூடியைத் துளைத்துக்கொண்டு வந்து டியூபில் குத்தி நின்றது.

கம்பெனி ஸ்க்ரூ இல்லை. துருப்பிடித்த தலை, ஓரத்தில் சிவப்புப் பெயிண்ட். ஒவ்வொரு வண்டியிலும் மிச்சமாகிறதைப் போட்டு வைக்கும் என் பிஸ்கட் டப்பாவிலிருந்து வந்த ஸ்க்ரூ.

போன வருடம் அந்த மோட்டாரை மாற்றியது நான்தான். ஒரு ஸ்க்ரூ உருண்டு எங்கோ போய்விட்டது. டப்பாவில் கைவிட்டு அகப்பட்டதைப் போட்டேன். வண்டியை எடுக்க வந்த அன்றே நர்சம்மா, "புதுசா ஏதோ சத்தம் வருதே அண்ணா" என்றார். "புது மோட்டார்ம்மா, போகப் போக அடங்கிடும்" என்றேன். அது இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது.

டியூபில் கெட்டுப்போன துண்டை வெட்டி இணைப்பு போட்டேன். அளவான ஸ்க்ரூ போட்டேன். அரை மணி நேரம் முள் அசையவில்லை. பாலம் ஏறி இறங்கினேன். காற்று முகத்திலேயே அடித்தது.

டியூப் பழசாகி வெடித்திருந்தது என்று சொன்னால் போதும். யார் பார்க்கப் போகிறார்கள்? அந்த நீள ஸ்க்ரூ சட்டைப் பையில் இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

சொல்லிவிட்டேன். ஸ்க்ரூவை நர்சம்மாவின் கையில் கொடுத்து, "இது நான் போட்டது. சத்தம் எனக்குக் கேக்கல. கேக்கலன்னு எனக்கே தெரியலம்மா" என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அவர் ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். காரில் ஏறி, கண்ணாடியை இறக்கி, "காதை டெஸ்ட் பண்ணிட்டுத்தான் அடுத்த வண்டியைத் தொடணும். நான் கேப்பேன்" என்றார்.

மச்சானிடமும் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே, "அக்காவுக்கு எப்பவோ தெரியும் மாமா" என்றான்.

மார்ச் 11, செவ்வாய்

மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். "ரெண்டு வருஷமா நான் எப்பவும் போலத்தான் பேசுறேன்" என்றாள். உரக்கச் சொன்னாள், எனக்காக.

மார்ச் 14, வெள்ளி

காது ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். தடித்த சத்தங்களுக்கெல்லாம் டக் டக்கென்று அழுத்தினேன். பிறகு வெகு நேரம் ஒன்றுமே வரவில்லை. டெஸ்ட் முடிந்துவிட்டது என்று எழுந்தேன். முடியவில்லையாம், அத்தனை நேரமும் சத்தம் வந்துகொண்டுதான் இருந்ததாம்.

இரண்டு காதுக்கும் கருவி. அளவு எடுத்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் 3, வியாழன்

கருவியோடு பட்டறையில் முதல் நாள். ஸ்பேனர் தரையில் விழுந்தால் பல் கூசுகிறது. என் சட்டை உரசுவதெல்லாம் எனக்குக் கேட்க வேண்டுமா?

பத்து மணி இருக்கும். உஸ்ஸென்று ஒரு சத்தம். நின்ற மூன்று வண்டிகளையும் சுற்றி வந்தேன். ஒன்றிலும் எஞ்சின் ஓடவில்லை. சத்தத்தின் பின்னாலேயே போனேன்; சுவரோரம் எங்கள் கம்ப்ரசரில் போய் முடிந்தது. டயருக்குக் காற்று அடிக்கும் குழாய், இணைப்பில் கசிகிறது. கம்ப்ரசர் ஓயாமல் ஓடுகிறதே, பழசாகிவிட்டதே என்று அதைத் திட்டாத நாளில்லை.

"இது எத்தனை நாளா இப்படி?" என்று மச்சானைக் கேட்டேன்.

"மூணு வருஷம் இருக்கும் மாமா."

"ஏன்டா சொல்லல?"

அவன் தலையைச் சொறிந்தான். "அப்பெல்லாம் உங்களுக்குக் கேக்காம இருக்குமா? ஏதோ காரணமாத்தான் விட்டு வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

கிளாம்பு ஒன்றை எடுத்து மாட்டி முறுக்கினேன். சத்தம் மெலிந்தது, இன்னும் மெலிந்தது, நின்றது.