மத்தே இலையில் புதைத்த ட்ரோன்

மேல்விடுதி, கவியாவே மலை
9 ஜூலை 2022

என் செல்லக் குண்டம்மாவுக்கு,

நீ நன்றாகத்தான் இருப்பாய். விறகு தீர்ந்தாலும் உன் வாய் உன்னைச் சூடாக வைத்திருக்கும். நானும் நலம். இன்று சுதந்திர தினம் என்று விடுதியில் லோக்ரோ செய்தார்கள். சோளம் வேகவே இல்லை. உன் கைப்பக்குவத்தை நினைத்துக்கொண்டே விழுங்கினேன்.

போன வாரப் புயலில் டவர் சாய்ந்துவிட்டது. போன் செத்துக் கிடக்கிறது. விடுதி வயர்லெஸ்ஸில் ஆபத்து என்றால் மட்டும்தான் பேச விடுகிறார்கள். அதனால்தான் காகிதம். உனக்குக் கடைசியாகக் கடிதம் எழுதியது கல்யாணத்துக்கு முன்னால். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

இந்தப் பெட்டிக்குள் நம் ட்ரோன் இருக்கிறது. கோபப்படாமல் படி. வியாழக்கிழமை மூன்றாவது சரிவில் பறந்துகொண்டிருந்தது. இறக்கும் நேரத்தில் திடீரென்று காற்று சுழற்றியடித்து, பனியில் தலைகுப்புற விழுந்துவிட்டது. கால் மணி நேரம் தோண்டித்தான் எடுத்தேன். இப்போது முன்பக்க இடது மோட்டார் சுற்ற மாட்டேன் என்கிறது, துடிக்க மட்டும் செய்கிறது. கேமரா தலையைத் தொங்கப் போட்டிருக்கிறது. திரையில் திசைகாட்டி பிழை என்று சிவப்பு எழுத்து. ஈரம் போக அரிசியில் போடலாம் என்றால் சமையல்காரன் ஒரு பிடி அரிசிகூடத் தரவில்லை. அதனால் மத்தே இலைத்தூள் பை ஒன்றில் இரண்டு நாள் புதைத்து வைத்தேன். வெந்நீரில் போட்டுக் குடிக்கும் காய்ந்த இலைதானே, ஈரத்தை இழுக்கும் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் முதல் தேதி முதலாளி வருகிறார். பனிச்சரிவு வரும் அறிகுறி இருக்கிறதா என்று முகட்டை ட்ரோனில் பார்த்துச் சொல்லும் வேலையை இனி எல்லாக் குளிர்காலத்துக்கும் எனக்கே கொடுப்பதா என்று அன்றுதான் முடிவு செய்வார். "அன்னிக்கு அது பறக்கலைன்னா வேற ஆளைப் பாத்துக்கிறேன்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். எப்படியாவது பிழைக்க வை.

உன்
நவுவேல்

லொன்கோப்புவே
13 ஜூலை 2022

நவுவேலுக்கு,

பெட்டி வந்தது. பேருந்து ஓட்டும் பெலிசாரியோ அண்ணன் என் ரிப்பேர் கடை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "என்னம்மா தங்கச்சி, உள்ள மத்தே கடையா வச்சிருக்கு? பஸ் பூரா அதே வாசனை" என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று.

அரிசியும் கிடையாது, இலையும் கிடையாது. இப்படி எதில் புதைத்தாலும் ஈரம் போகாது என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்? பேட்டரியைக் கழற்றி, மூடியைத் திறந்து, சும்மா குளிரான காற்றில் வைத்திருந்தால் போதும். நீ செய்த வேலையில் தூள் எல்லா மோட்டாருக்குள்ளும் போயிருக்கிறது. முந்தாநாள் முழுக்க பல் தேய்க்கும் பிரஷ்ஷும் ஊதுபந்துமாக உட்கார்ந்திருந்தேன். டிவி ரிப்பேருக்கு வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினேன்.

இனி ரிப்பேருக்கான கேள்விகள். விழுந்ததும் பேட்டரியைக் கழற்றினாயா, இல்லை பறக்கிறதா என்று உடனே பொத்தானை அழுத்திப் பார்த்தாயா? எத்தனை தடவை? அடுப்புப் பக்கம் வைத்தாயா? பொய் சொன்னால் போர்டு காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று. உனக்கும் எனக்கும் வெறும் கசப்பு மத்தேதான். சர்க்கரை போட்டுக் குடிப்பவர்களை நீ மனிதராகவே மதிப்பதில்லை. அப்படியிருக்க, கேமராவைத் தாங்கும் தொட்டிலுக்குள்ளிருந்து இடுக்கியால் நான் எடுத்தது பெப்பெரினா இலை. புதினா மாதிரி மணக்கிறதே, அதுதான். நம் பக்கத்தில் அதை யாரும் மத்தேயில் போடுவதில்லை, கோர்தோபாக்காரர்கள்தான் போடுவார்கள். பதினாறு துண்டு. எண்ணினேன். உங்கள் சமையல்காரன் மெந்தோசாக்காரன் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அப்படியானால் அது யாருடைய பை? விழுந்தபோது உன் பக்கத்தில் யார் இருந்தார்கள்?

இந்தக் கேள்வி ரிப்பேருக்குத் தேவையில்லை என்று தாண்டிப் போய்விடாதே.

மாரிசெல்

மேல்விடுதி
17 ஜூலை 2022

அன்புக் குண்டம்மா,

பதினாறு துண்டு என்று எண்ணினாயா! நீ போலீஸில் சேர்ந்திருந்தால் இந்த மாகாணத்தில் ஓர் ஆடுகூடக் காணாமல் போகாது.

ரிப்பேர்க் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பேட்டரியைக் கழற்றவில்லை. பனியைத் தட்டிவிட்டு உடனே பொத்தானை அழுத்தினேன். மூன்று தடவை. பிறகு அடுப்புப் பக்கம் ஒரு நாற்காலியில் வைத்தேன். கேமராக் கண்ணாடி உள்பக்கம் முழுக்க வியர்த்துவிட்டது. அதற்கப்புறம்தான் மத்தே பை. போதுமா?

பை கந்தேலாவுடையது. இங்கே குழந்தைகளுக்குப் பனிச்சறுக்கு சொல்லிக்கொடுக்கும் டீச்சர், கோர்தோபாக்காரி, இருபத்தாறு வயதோ என்னவோ. நான் ட்ரோனைக் கையில் வைத்துக்கொண்டு அழாத குறையாக நின்றதைப் பார்த்து கந்தேலாதான் கொடுத்தாள். "இந்தாங்க, இதுல புதைச்சு வைங்க, எங்க ஊர்ல செல்போன் தண்ணில விழுந்தா இப்படித்தான் பண்ணுவோம்" என்றாள். நீ எழுதியதைச் சொன்னேன், நானும் கந்தேலாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். கந்தேலாவுக்கு ட்ரோன் என்றால் ஆசை, அவ்வளவுதான். உன்னைப் பற்றிக்கூடக் கேட்டாள். "உங்க வீட்டுக்காரம்மாவே ரிப்பேர் பண்ணுவாங்களா? பெரிய ஆளுதான்!" என்று கந்தேலா ஆச்சரியப்பட்டாள்.

விழுந்தபோது நான் தனியாகத்தான் இருந்தேன். காற்று, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்திருக்கும், வாங்கிக் கொடு.

உன்
நவுவேல்

லொன்கோப்புவே
21 ஜூலை 2022

நவுவேலுக்கு,

உன் அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தாயிற்று. உன் கடிதத்தில் கந்தேலா ஐந்து முறை வருகிறாள். என் பெயர் உறைமேல் ஒரு முறை வருகிறது. அதுவும் பெலிசாரியோ அண்ணனுக்கு விலாசம் தெரிய வேண்டும் என்பதற்காக.

வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். இடது மோட்டாரின் மூன்று வயரிலும் மீட்டர் வைத்தேன், மூன்றும் ஒரே அளவு காட்டின. சந்தேகத்துக்கு அந்த வயர்களைப் பிரித்துப் பக்கத்து மோட்டாரை அங்கே வைத்து ஒட்டிப் பார்த்தேன். அந்த நல்ல மோட்டாரும் அங்கே துடித்தது. ஆக மோட்டார்மேல் பழியில்லை, போர்டில்தான் கோளாறு. பூதக்கண்ணாடியில் பார்த்தால், மோட்டாரை ஓட்டும் சிப்பின் காலடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஈரத்தோடு மூன்று தடவை பொத்தானை அழுத்தியதன் பலன். ஆல்கஹால் விட்டுக் கழுவி, பழைய செத்த ட்ரோனிலிருந்து அதே சிப்பைப் பெயர்த்து வைத்தேன். இப்போது நாலு மோட்டாரும் சுற்றுகின்றன.

கேமராவின் ரிப்பன் கேபிள் ஓரத்தில் கிழிந்திருக்கிறது. கேபிள் எங்கே விட்டது, படம் எங்கே நின்றது என்று பார்க்க கடைசிப் பதிவு வேண்டியிருந்தது. கார்டைப் போட்டேன், காலி. ஆறு வருடத்தில் நீ கார்டைத் துடைத்து அனுப்பியது இதுதான் முதல் தடவை. ஆனால் ட்ரோனின் உடம்புக்குள்ளேயே சின்ன நினைவகம் ஒன்று இருக்கிறது. கார்டில் எழுதுவது அதிலும் ஒரு பிரதியாகப் பதியும். திறந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். நீ ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

இரண்டு நிமிடம் நாற்பது நொடி. சிவப்புக் கோட்டு போட்ட ஒரு பெண். ரிமோட் அவள் கையில் இருக்கிறது. நீ அவளுக்குப் பின்னால் நின்று, அவள் கைமேல் உன் கையை வைத்திருக்கிறாய். இரண்டு பேரும் மேலே பார்த்துச் சிரிக்கிறீர்கள். பிறகு நீ கையை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்கிறாய். அவள் தனியாகப் பறக்க விடுகிறாள். நீ கை தட்டுகிறாய், கோல் போட்டவனைப் போலக் குதிக்கிறாய். அப்புறம் பனி கிட்டே வருகிறது, திரை வெள்ளையாகிவிடுகிறது. ட்ரோனுக்குக் காது கிடையாது, என்ன பேசினீர்கள் என்று தெரியவில்லை. உங்கள் கோட்டுகள் இரண்டும் அசையாமல் தொங்கின, காற்றே இல்லை.

நான் முத்தத்தைத் தேடினேன். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும். பெட்டியை மூடி உன் அம்மா வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பேன்.

ஆறு வருடமாக இதை நான் பிரித்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை தடவை கேட்டேன், ஒரே ஒரு தடவை நானும் பறக்க விடுகிறேன் என்று? "வேணாம் குண்டூ, உன் கை சால்டரிங் கை, இதுக்கு வேற கை வேணும்" என்பாய். நானும் சரிதான் போலிருக்கிறது என்று நம்பி உள்ளே போய்விடுவேன். அவளுக்கு எந்தக் கை இருந்தது, நவுவேல்? வயிறு எரிகிறது. நாகரிகமாகச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. அந்தப் பெப்பெரினாவைக்கூடக் கடையில் வாங்கி மத்தேயில் போட்டுக் குடித்துப் பார்த்தேன். பல் தேய்த்த வாய் மாதிரி இருந்தது. இதைக் குடிப்பவளோடா சிரித்தாய்?

புது ரிப்பன் கேபிள் மேசைமேல் இருக்கிறது. போட அரை மணி நேரம் ஆகும். போடவில்லை.

மாரிசெல்

மேல்விடுதி
25 ஜூலை 2022

மாரிசெல்,

பொய் சொன்னேன். அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். அவள்தான் அதைக் கீழே விழ வைத்தாள். நீ இப்படி எரிவாய் என்று பயந்துதான் காற்றுமேல் பழி போட்டேன், கார்டையும் துடைத்தேன். வேறு எதுவும் இல்லை. அம்மாமேல் சத்தியம். அவளுக்கு ரோசாரியோவில் ஒருவன் இருக்கிறான், குளிர்காலம் முடிந்ததும் கல்யாணம். இது உனக்கு ஆறுதலாக இருக்காது, தெரியும்.

அவளுக்கு எந்தக் கை இருந்தது என்று கேட்டாய். மூன்று நாளாக அதற்குப் பதில் எழுதிக் கிழித்துப் போடுகிறேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

ஊரில் வானொலி, டிவி, என் வண்டி, மருத்துவமனை மானிட்டர் வரைக்கும் உன் கை பட்டால் உயிர் வருகிறது. பெட்ரோல் போடுகிறவன்கூட என்னை "மாரிசெல் புருஷன்" என்றுதான் கூப்பிடுகிறான். மேலே பறக்க விடுவது ஒன்றுதான் என்னுடையதாக இருந்தது. உனக்கு அதன் குடல்வரைக்கும் தெரியும். ரிமோட்டைக் கொடுத்தால் ஒரே வாரத்தில் என்னைத் தாண்டிப் போய்விடுவாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெண் கற்றுக்கொண்டால் பயமில்லை. அவள் தப்புத் தப்பாகச் செய்வாள், நான் பெரிய ஆளாகத் தெரிவேன். அதற்காகத்தான் கை தட்டினேன். எனக்கு உன்மேல் பொறாமை. கல்யாணம் ஆன நாளிலிருந்து.

எழுதிவிட்டேன். இனி நீ கேபிளைப் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. சனிக்கிழமை பேருந்தில் பெட்டி வந்தால் முதல் தேதி முதலாளி முன்னால் நிற்பேன். வராவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கி வருவேன். வீட்டுக் கதவைத் திறப்பாயா என்று மட்டும் எழுது.

நவுவேல்

லொன்கோப்புவே
28 ஜூலை 2022

நவுவேலுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம் வந்தது. பிறகு கொஞ்சம் பெருமையாக இருந்தது. அப்புறம் மறுபடியும் கோபம், முன்னைவிட அதிகமாக. ஆறு வருடம் என் கையைப் பழித்தாயே, அதற்குள் இருந்தது இதுதானா? கந்தேலாமேல் எனக்கு இருக்கும் பொறாமை போகவில்லை. கல்யாணப் பத்திரிகையைக் காட்டினாலும் போகாது.

செவ்வாய்க்கிழமை கேபிளைப் போட்டேன். கேமரா தலை நிமிர்ந்துவிட்டது. மிச்சமிருந்தது திசைகாட்டி. கடைக்குள் எங்கே பார்த்தாலும் இரும்பு, அங்கே அதைச் சரிசெய்ய முடியாது. கால்பந்து மைதானத்துக்கு எடுத்துக்கொண்டு போய், படுக்க வைத்து ஒரு சுற்று, நிமிர்த்தி வைத்து ஒரு சுற்று என்று நானே சுற்றினேன். பக்கத்து வீட்டு சுலேமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏன்டி, பைத்தியமா புடிச்சிருக்கு? பனில நின்னு தட்டாமாலை சுத்துற!" என்று கத்தினாள். சிவப்பு எழுத்து அணைந்தது.

ரிப்பேர் செய்த பிறகு பறக்க விட்டுப் பார்க்க வேண்டும். இதுவரை அதை உனக்கென்று விட்டுவைப்பேன். இந்தத் தடவை விடவில்லை.

முதல் பத்து நிமிடம் அது சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, ஒருமுறை கோல் கம்பத்தில் இடிக்கப் பார்த்தது. சுலேமா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு ஏதோ ஒரு நேரத்தில் என் விரல் நினைப்பதை அது செய்ய ஆரம்பித்தது. மாதா கோயில் மணிக்கூண்டைச் சுற்றி வந்தேன். ஆற்றுமேல் போனேன். நம் வீட்டுக் கூரையைப் பார்த்தேன், மே மாதமே ஆணி அடித்துவிட்டதாக நீ சொன்ன தகரம் ஆடிக்கொண்டிருக்கிறது. இறக்கும்போது ரொட்டிப் பலகையைப் பனிமேல் போட்டு அதன் நடுவில் இறக்கினேன். ஒரு பொட்டுப் பனி படவில்லை. எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு நாள் இதை என்னிடமிருந்து ஒளித்து வைத்திருந்தாயே என்று வந்த அழுகை அது, உன்னை நினைத்து வந்ததில்லை.

உன்னைத் தாண்ட எனக்கு ஒரு வாரம் ஆகும் என்று எழுதியிருந்தாய். இரண்டு பேட்டரி போதுமாக இருந்தது.

ட்ரோனைப் பெட்டியில் வைத்து அனுப்பப் போவதில்லை. சனிக்கிழமை பேருந்தில் நானே கொண்டுவருகிறேன். கடைக்குச் செப்டம்பர்வரை விடுமுறை என்று எழுதி ஒட்டியாயிற்று. முதல் தேதி முதலாளி முன்னால் நான் பறக்க விடுகிறேன். மலையை நீதான் அறிவாய், எந்த முகட்டைக் காட்ட வேண்டும், எந்த வெடிப்பு ஆபத்தானது என்று பக்கத்தில் நின்று சொல். வேலை கிடைத்தால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான். யார் இது என்று அவர் கேட்டால் மாரிசெல் என்று சொல். பெண்டாட்டி என்பதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

கதவைத் திறப்பாயா என்று கேட்டிருந்தாய். நான்தான் அங்கே வருகிறேனே, கதவு இப்போது உன் பக்கம் இருக்கிறது. உன் அறையில் ஒரே ஒரு கட்டில்தான் என்று பெலிசாரியோ அண்ணன் சொன்னார். அதில் நான் படுத்துக்கொள்வேன். நீ எங்கே படுப்பது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

மாரிசெல்