வேலியோரக் கதிரையும் மூழ்கிப்போன அரிசிப் பையும்

தெருவில் எறியப்பட்ட எந்தப் பொருளையும் கைவிட்டறியாத என் அத்தானுக்கு,

நீங்கள் மேலே போய் ஒரு வருடமும் சொச்சமும் ஆகிவிட்டது. வேண்டாத சாமானை வாசலில் போட்டால் நகரசபை அள்ளிப்போகுமே, அந்தக் கவுன்சில் கிளீனப் அங்கேயும் உண்டா? தேவர்கள் கால் உடைந்த சிம்மாசனங்களை வாசலில் கொண்டுவந்து வைக்கிறார்களா? வைத்தால் நீங்கள் விட்டிருக்க மாட்டீர்கள். இந்நேரம் ஏழெட்டைப் பொறுக்கி, சொர்க்கத்தின் பின்பக்கம் ஒருவருக்கும் தெரியாமல் அடுக்கியிருப்பீர்கள்.

இங்கே சிட்னி கிரவீனில் யூலை மாதக் குளிர். போன வாரம் நான் விட்ட கொட்டாவி அப்படியே உறைந்து என் கால் பெருவிரலில் விழுந்தது. இன்னும் வீக்கம் வற்றவில்லை. ஆனாலும் ஞாயிறு தவறாமல் ஹோம்புஷிலிருந்து ரயிலேறி உங்கள் மகள் வீட்டுக்கு எழுந்தருளுகிறேன். அக்கா வழக்கம்போல, "வந்திட்டான், சோத்துச் சட்டியை ஒளியுங்கோ" என்கிறாள்.

அத்தான், எனக்குப் பெரிய குழப்பம் ஒன்று. உயிரோடு இருக்கிறவர்களிடம் சொன்னேன், அது கூடிவிட்டது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பின்வளவில் நாங்கள் இருவரும் நிறுவிய அந்த மாபெரும் களஞ்சியம் நினைவிருக்கிறதா? பழைய சாமான் ஒன்றும் வீட்டுப் படி ஏறக் கூடாது என்று அக்கா சட்டம் போட்டதும், நீங்கள் கண்டுபிடித்த வழி அது. குளிர்காலத்தில் நீச்சல் தடாகப் பக்கம் ஒரு சனமும் எட்டிப் பாராது. ஆகவே கிளீனப்பில் பொறுக்கியதையெல்லாம் தடாகத்து வேலியோடு சாத்தி வைப்போம். கோடை தொடங்க முன்னர் கராஜுக்குள் கடத்துவோம். உலகத்து உளவுப்படைகள் எல்லாம் வந்து நம்மிடம் பாடம் படித்திருக்கலாம்.

நீங்கள் போய்ச் சேர்ந்த வருடம் அதைக் கடத்த ஆள் இருக்கவில்லை. கோடை வந்தது, ஒருவருக்கும் தண்ணீரில் இறங்க மனம் வரவில்லை, கோடை போனது. உங்கள் கடைசிச் சேகரிப்பு வேலியோடேயே நின்றது. மிதிக்கட்டை இல்லாத உடற்பயிற்சிச் சைக்கிள், இஸ்திரிப் பலகை, ஒரு கை உடைந்த அந்த வெள்ளைக் கதிரை. 'இதில ராசா ஒருத்தன் இருந்திருக்கிறான், பார் தம்பி' என்று சொல்லித் தூக்கி வந்தீர்களே, அதுதான். என் பங்குக்கு நானும் ஒரு கிளிக்கூட்டைச் சேர்த்து வைத்தேன். கிளி இல்லை. கூடு மட்டும்.

மூன்று ஞாயிறுகளுக்கு முன்னர் நடந்ததற்கு வருகிறேன்.

முதல்நாள் சனிக்கிழமை, பழைய சாமான் விற்கும் கடை ஒன்றில் குழந்தைகளுக்கான லைஃப் ஜாக்கெட் ஒன்றைக் கண்டேன். செம்மஞ்சள் நிறம், நெஞ்சில் ஒரு ஊதுகுழல். உங்கள் பேத்தி ஆரணி வரும் கோடையில் நீச்சல் பழகப் போகிறாள், நாலு வயதாகிறது. வாங்கும்போது என் மார்பு எவ்வளவு விரிந்தது என்றால், கடைக்காரப் பெண் இரண்டடி தள்ளி நின்றாள். புதியது வாங்கி உலகத்தைக் குப்பையாக்காமல், ஒரு பிள்ளையின் உயிரையும் காக்கும் மாவீரன் நான்!

ஞாயிறு காலை கொடுத்தேன். போட்டவள் கழற்றவில்லை. அதோடேயே தோசை சாப்பிட்டாள், அதோடேயே படம் கீறினாள்.

மத்தியானம் எல்லோரும் குசினிக்குள் இருந்தோம். ஹீட்டர் ஓடியது. சூடு போகுது என்று சொல்லிக் கதவை இறுக்கிச் சாத்தியவன் நான்தான். அக்கா ஒரு பக்கம், உங்கள் மகள் தர்சினி ஒரு பக்கம், நான் நடுவில் நின்று பெரிய பேச்சு. ஆரணி முன்னறையில் இருக்கிறாள் என்று மூன்று பேரும் நினைத்தோம்.

கிளிக்கூடு நனைந்திருக்குமோ என்று பார்க்கத்தான் பின்னால் போனேன். வேறு ஒரு நல்ல காரணமும் இல்லை.

அவள் உங்கள் கதிரையில் ஏறி, அதிலிருந்து சைக்கிள் சீட்டில் ஏறி நின்றாள். ஒரு கால் வேலிக்கு அந்தப் பக்கம். வாயில் ஊதுகுழல். கீழே இலை மிதக்கும் பச்சைத் தண்ணீர்.

"பிள்ளை, என்ன செய்யிறியள்?" என்று கேட்டேன்.

"டோன்ட் வொரி, அங்கிள் தாத்தா. ஐ ஹாவ் தி ஜாக்கெட். ஐ'ம் டெஸ்டிங்."

ஓடிப் போய்ப் பிடித்தேன். அந்த ஆறேழு அடியைப் போல் நீளமான தூரம் சிட்னிக்கும் மெல்பனுக்கும் இடையிலும் இல்லை. இது மிகைப்படுத்தல் இல்லை அத்தான்.

இறக்கி விட்டதும் அவளுக்குக் கோபம். எனக்குப் பயம். ஒருவரிடமும் சொல்லவில்லை. சாப்பாடு முடிந்ததும் குசினியிலிருந்து ஐந்து கிலோ சிவப்பரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஜாக்கெட்டை அதற்கு மாட்டி, வார் இறுக்கித் தண்ணீரில் விட்டேன். கொஞ்ச நேரம் மிதந்தது. பிறகு நாலு குமிழி விட்டுவிட்டு, மெல்லக் கீழே போனது. கடைசியாக மறைந்தது ஊதுகுழல்.

ஆரணியைத் தாங்க வேண்டிய ஜாக்கெட் அரிசிப் பையைக்கூடத் தாங்கவில்லை.

பின்னேரம் அக்காவின் குரல்: "டேய் தம்பி, அரிசிப் பை எங்கை?"

"குளிக்கப் போயிட்டுது" என்றேன். வாய்ப் பழக்கம்.

தர்சினி என் முகத்தைப் பார்த்தாள். பின்னால் போய், இலை அள்ளும் வலையால் துழாவி, ஜாக்கெட் போட்ட அரிசியை இழுத்து எடுத்தாள். "மாமா, என்ன இது?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். என்னைக் கொன்றுவிடுவாள் என்று நின்றேன். அவள் ஈரப் புல்லில் அப்படியே குந்திவிட்டாள்.

"அந்தக் கதிரையை நான் நாலு தரம் தூக்கினனான் மாமா. எடுத்தெறிய எண்டுதான் தூக்கினனான். நாலு தரமும் அப்பா வச்ச இடத்திலயே வச்சிட்டு வந்தனான்."

பின்னால் அக்கா வந்து நின்றதை நாங்கள் காணவில்லை.

"எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சியள்? பத்து வருசமாத் தெரியும். ஒளிச்சு வைக்கிறதில அந்த மனுசனுக்கு ஒரு சந்தோசம். அதுதான் பேசாமல் இருந்தனான். செத்தாப் பிறகும் பேசாமல் இருந்திட்டன்."

இதுதான் அத்தான் எனக்கு விளங்காதது. யாருடைய பிழை? மூன்று பேரும் உங்களுக்காக அந்தக் குப்பையைக் காத்துக்கொண்டு நின்றோம், பிள்ளையைக் காக்க ஒருவரும் நிற்கவில்லை. அன்று முதல்தரமாக எனக்கு உங்களோடு கோபம் வந்தது. செத்த மனிதரோடு எப்படிக் கோவிப்பது? கோவித்தால் சமாதானம் பண்ண யார் வருவார்? நீங்கள் இருந்திருந்தால் அந்தச் சாமானெல்லாம் கோடைக்கு முன்பே கராஜுக்குள் போயிருக்கும். அப்படியென்றால் உங்களோடு கோவிப்பதும் நியாயமில்லை. பிறகு என்னோடு கோவிக்கிறேன். அதுவும் கனநேரம் முடியவில்லை, எனக்கு என்னைக் கொஞ்சம் பிடிக்கும்.

அடுத்த நாளே எல்லாவற்றையும் அகற்றினோம். இஸ்திரிப் பலகையை எடுத்தபோது அதற்குப் பின்னால் வேலியில் ஒரு அறிவிப்புப் பலகை. தண்ணீரில் விழுந்த பிள்ளைக்கு முதலுதவி எப்படிச் செய்வது என்று படம் போட்டது. அதை நாங்கள்தான் இத்தனை நாளும் மறைத்து வைத்திருந்தோம்.

ஜாக்கெட்டின் வார்களை வெட்டித்தான் குப்பையில் போட்டேன். வேறு ஒரு அத்தானும் மைத்துனனும் அதைப் பொறுக்கி எடுக்கக் கூடாது அல்லவா? ஆரணிக்குப் புதியது வாங்கியாயிற்று. ஜாக்கெட் போட்டாலும், பெரிய ஆள் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் தண்ணீர் இல்லை என்று தர்சினி சொல்லியிருக்கிறாள். "ஈவன் இன் விண்டர்?" என்று ஆரணி கேட்டாள். "விண்டரிலதான் முதல்" என்றாள் தாய்.

கதிரையை மட்டும் எறியவில்லை. சட்டத்தை மீறி அது வீட்டுப் படி ஏறிவிட்டது. குசினி யன்னலோரம் போட்டிருக்கிறோம், அங்கிருந்தால் தடாகத்து வேலி முழுவதும் தெரியும். அக்கா அதில் இருந்து வெங்காயம் உரிக்கிறாள். உடைந்த கைப் பக்கம் சாய்ந்துகொண்டு உங்களை ஏசுகிறாள்.

பழசு வாங்குவதை நிறுத்துகிறேன் என்று சத்தியம் பண்ண மாட்டேன். நீங்கள் சிரித்து மேகத்திலிருந்து விழுந்துவிடுவீர்கள். ஆனால் இதைச் சத்தியம் பண்ணுகிறேன்: உயிர் தொங்கும் பொருளைப் பழசாக வாங்க மாட்டேன். இந்த வீட்டுக்கு வரும் ஒவ்வொரு ஞாயிறும், மழையென்ன குளிரென்ன, சப்பாத்தைக் கழற்ற முன்னர் வேலியை ஒரு சுற்றுச் சுற்றி, கதவு தானாகப் பூட்டுகிறதா என்று இழுத்துப் பார்ப்பேன். இன்றைக்கும் பார்த்துவிட்டுத்தான் உங்கள் கதிரையில் இருந்து இதை எழுதுகிறேன். வேலியோரம் ஒன்றுமே இல்லை அத்தான். பார்க்க எப்படியோ இருக்கிறது.

களவிலும் காவலிலும் உங்கள் கூட்டாளி,
உங்கள் மனுசியின் அடங்காத தம்பி