திங்கட்கிழமை முதலாம் பாடம்

மகள் தன் கொம்பாஸ் பெட்டியைத் தொலைத்துவிட்டு என் அலுமாரியைக் குடைந்தாள். கையில் அகப்பட்டது உம்முடையது, சிநேகிதி. "இது ஆரின்ரை, அம்மா?" என்றாள். வெடுக்கென்று பறித்துவிட்டேன். பிள்ளை பயந்துபோனாள்.

"உப்புத்தண்ணி பட்டாத் துருப்பிடிச்சுப்போம், உம்மட்டையே இருக்கட்டும்" என்று நீர் தந்த பெட்டி. இன்றைக்கும் அதில் துரு இல்லை.

ஊர்காவற்துறையில் எங்கள் பள்ளிக்கூடத்துச் சட்டம் உமக்கா மறக்கும்? திங்கட்கிழமை முதலாம் பாடத்தில் சோதனை. அனலைதீவிலிருந்து உங்களை ஏற்றிவரும் லோஞ்ச் படகு வந்து சேர்வதோ இரண்டாம் பாடத்துக்கு. வராதவர்களுக்குப் பூச்சியம். பூச்சியங்கள் சேர்ந்தால் பி வகுப்பு. அங்கே கணக்குப் படிப்பிக்க ஆளே இல்லை. போனவர்கள் ஓ.எல். அரசாங்கச் சோதனையை மறந்துவிட வேண்டியதுதான். கணக்கில் எங்கள் எல்லாரையும்விடக் கெட்டிக்காரியான உம்மையும் அங்கேதான் தள்ளப் பார்த்தார்கள்.

பள்ளிக்கூட அதிபரிடம் போனோம். "சேர், லோஞ்ச் வந்தாப்பிறகு சோதினையை வையுங்கோவன்" என்று கேட்டீர்.

"அனலைதீவாருக்காக மணியை மாத்தேலாது பிள்ளை. படிக்கிற எண்ணமிருந்தா நேரத்துக்கு வாரும்."

வந்தீர். விடியமுன்னரே, வாடைக்காற்றில், உம்மைப் பெற்ற ஐயாவின் வள்ளத்தில். நனைந்த சட்டையோடு இருந்து எழுதி முதலாவதாகவும் வந்தீர். அந்த மனிதருக்கு வெட்கம் வந்ததா? இடைவேளையில் அனலைதீவுப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, உம்மை முன்னால் விட்டு, "இவவுக்கு ஏலுமெண்டா உங்களுக்கு ஏன் ஏலாது?" என்று கேட்டார். நீர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர்.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை வள்ளம் கவிழ்ந்தது. ஐயா பலகையைப் பிடித்துத் தப்பினார். உம்மை மறுநாள்தான் கரையில் கண்டெடுத்தார்கள். அது தெரியாமல் நான் உமது மேசையில் கொம்பாஸ் பெட்டியைத் திறந்துவைத்துவிட்டு வாசலைப் பார்த்தபடி இருந்தேன். சோதனை நடந்தது. உமக்குப் பூச்சியம் போட்டார்கள். பிறகும் அதை ஒருவரும் வெட்டவில்லை.

அதோடு அனலைதீவுத் தாய் தகப்பன்மார் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் அதிபர் ஒலிவாங்கியைப் பிடித்து, "இவ்வாண்டு எமது பாடசாலையில் பூச்சியம் பெற்ற மாணவர் ஒருவர்கூட இல்லை" என்றார். மண்டபம் கைதட்டியது. கல்விக் கந்தோரிலிருந்து வந்த அதிகாரி எழும்பிக் கைகொடுத்தார். உமது பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். நூற்றுக்கு நூறு சித்தி, எல்லாரும் பாஸ் என்று எந்தப் பள்ளிக்கூடத்தையாவது பேப்பரில் புகழ்ந்திருந்தால், மற்றவர்கள் கெட்டித்தனத்தைப் பேசுவார்கள். எனக்கு ஒன்றுதான் கேட்க வரும்: எத்தனை பிள்ளைகளைக் கடலில் விட்டீர்கள்?